மூன்றாவது பொத்தான்

"சட்டையக் கழட்டிட்டுப் படுங்க ஐயா."

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரம்மா இதைச் சொன்னபோது, நான் வழக்கம்போல மேலே இரண்டு பொத்தான்களை மட்டும் அவிழ்த்துவிட்டுப் படுத்தேன். காதில் மாட்டும் குழாய் உள்ளே போய்வர அவ்வளவு போதும் என்பது என் எண்ணம். மூன்றாவது பொத்தானின் மேல் என் இடது கை இருந்தது. நான் வைத்த கை இல்லை அது. தானாகவே போய் அங்கே உட்கார்ந்துகொள்ளும்.

"முழுசாக் கழட்டணும். வயிறு பாக்கணும், தோல் பாக்கணும்."

"இப்படியே பாருங்களேன்."

என்னைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு வந்த என் அண்ணன் மகன் அன்பு, கட்டிலின் தலைமாட்டில் நின்றான். திருச்சியில் சட்டம் படிக்கிறவன். என் மனைவி செல்வி கதவோரத்து நாற்காலியில் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

அன்பு தொண்டையைச் சரிசெய்துகொண்டான். "மேடம், தப்பா நினைக்காதீங்க. யார் சொன்னாலும் சித்தப்பா சட்டையக் கழட்ட மாட்டாரு. எங்க குடும்பத்துல அது ஒரு விஷயம். தாத்தா காலத்துலேருந்து வர்றது."

டாக்டரம்மா சற்று நேரம் அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சாரிங்க ஐயா. நான் அந்த அர்த்தத்துல சொல்லல."

குழாயைச் சட்டைக்கு மேலேயே வைத்துக் கேட்டார். அவ்வளவு படித்தவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். நான் சுவரில் பெயர்ந்திருந்த சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அன்பு சொன்னதில் தாத்தாவைப் பற்றிய பகுதி உண்மை. என்னைப் பற்றியது பொய். ஆனால் அவனுக்கு அது பொய் என்று தெரியாது.

சேறு தெரியாத கால்

இந்தத் தொடரை இன்றைக்குத்தான் கையில் எடுக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் நன்னிலம் பக்கத்தில் குத்தகைக்கு நிலம் பிடித்துப் பயிர் செய்கிறவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க மாட்டேன். எழுதுவது மட்டும் எப்படியோ வருகிறது.

மேலே சொன்னதற்கு இரண்டு வருடம் முன்பு ஒரு சம்பா நடவின்போதுதான் கால் முதலில் காட்டிக்கொடுத்தது. சேற்றில் இறங்கினால் முதலில் ஒரு குளிர்ச்சி ஏறும், பிறகு விரல்களுக்கு நடுவே சேறு பிதுங்கும். அந்த வருடம் எதுவுமே தெரியவில்லை. யாருடைய காலையோ நான் இறக்கிவிட்டது போல இருந்தது. அப்புறம் இரண்டு பாதத்திலும் எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு. கடைத்தெருவில் நடக்கும்போது ஒரு செருப்பு கழன்று பின்னால் கிடக்கும். யாராவது கூப்பிட்டுச் சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

கொஞ்ச நாளில் முன்பாதம் தூக்க முடியாமல் தொங்கிப்போய், வரப்பில் கட்டைவிரல் தட்டித் தட்டி விழுந்தேன். ஊர் டாக்டர் சர்க்கரை என்றார். இன்னொருவர் சத்துக் குறைவு என்று ஊசி போட்டார். எண்ணெய் போட்டு உருவினால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார், அதையும் செய்தோம். கடைசியில் தஞ்சாவூர்.

அங்கே காலில் கம்பி ஒட்டி, மின்சாரம் விட்டு நரம்பைச் சோதித்தார்கள். நரம்பைச் சுற்றியிருக்கும் உறை பழுதாகியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. அதற்கான மாத்திரைகளை ஒரு வருடம் சாப்பிட்டேன். முகம் உப்பியது, கால் அப்படியே இருந்தது.

"இந்த மாத்திரைக்குக் கேட்டிருக்கணுமே" என்று ஒவ்வொரு தடவையும் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். "வேற ஏதாவது மாற்றம் தெரியுதா ஐயா? உடம்புல எங்கயாவது?"

"இல்லைங்க" என்பேன்.

இரண்டு பனியன்

மாற்றம் இருந்தது.

பம்புசெட்டில் குளிக்கும்போது ஒருநாள் இடது மார்பில் சோப்புக்கட்டி பட்டு வலித்தது. காம்புக்கு அடியில் சின்னக் கட்டி போல ஒன்று. பிறகு வலது பக்கமும். ஒரு போகம் முடிவதற்குள் அது கட்டியாக இல்லை. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு பெண்ணுக்கு இருப்பதைப் போல இருந்தது.

எனக்கு ஐம்பது நெருங்கும் வயது. மீசை வைத்தவன். நான் யாரிடம் போய்ச் சொல்வது?

இறுக்கமான பனியன் ஒன்றின் மேல் இன்னொன்று. அதன் மேல் தொளதொளவென்று ஒரு சட்டை. அதற்கும் மேலே துண்டை மாராப்பு மாதிரி விழாமல், சும்மா போட்டது போலத் தெரியும்படி போட்டுக்கொள்ளப் பழகினேன். யாரும் வராத நேரமாகப் பார்த்துக் குளித்தேன். சட்டை போடாமல் சித்திரை வெயிலில் உழைத்த ஆள், இப்போது முழுக்கைச் சட்டையோடு வயலில் நின்றேன்.

எங்கள் தெருவில் காளிமுத்து என்று ஒருவர், எனக்கு மாமன் முறை. வாய் சும்மா இருக்காது.

"என்ன மாப்ள, நடவுக்கு வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?"

வரப்பில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். உள்ளே இரண்டு பனியனும் வேர்வையில் ஊறி ஒட்டிக்கொண்டிருந்தன.

தோலும் கருத்துக்கொண்டே வந்தது. கையிலும் காலிலும் முடி தடித்து வளர்ந்தது. கணுக்கால் வீங்கியது. கணவன் மனைவிக்குள் இருக்கிற ஒன்றும் இல்லாமல் போனது. அதைப் பற்றி இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. செல்வி ஒரு நாளும் கேட்கவில்லை. இருட்டில் அவள் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அவளுக்கு எதுவும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோயில் வாசல்

இந்த நிலைமையில்தான் பண்ணை வீட்டாரின் கோயிலில் கும்பாபிஷேகம் வந்தது.

அவர்கள் இப்போது சென்னையில் இருக்கிறார்கள். விசேஷத்துக்கு மட்டும் வருவார்கள். அவர்கள் நிலத்தைப் பயிர் செய்கிறவன் என்பதால் என்னையும் உள்ளே வந்து மரியாதை வாங்கிக்கொள்ளும்படி கூப்பிட்டார்கள். எங்கள் தெருவிலிருந்து அப்படி ஒருவரை அந்தக் கோயிலுக்குள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

வாசலில் ஒரு பலகை இருந்தது. ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே வர வேண்டும். பண்ணை வீட்டுப் பிள்ளைகள், அமெரிக்காவிலிருந்து வந்த மாப்பிள்ளை, எல்லாரும் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். யாரையும் இழிவுபடுத்த வைத்த பலகை இல்லை அது.

"வாங்க, சட்டையக் கழட்டிட்டு வாங்க" என்று பெரியவரின் மகன் நல்லவிதமாகத்தான் கூப்பிட்டார்.

"வேண்டாங்க" என்றேன்.

"ஏன், என்ன ஆச்சு?"

"வேண்டாங்க. நான் இங்கயே நின்னுக்கிறேன்."

என் பின்னால் தெருப் பையன்கள் நின்றார்கள். அன்பும் நின்றான். அவர்களுக்கு இது வேறு மாதிரி தெரிந்தது. அதற்குக் காரணம் என் அப்பா.

அப்பா அதே பண்ணையில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் பண்ணை வீட்டு வாசலில் நிற்கும்போது தோளில் இருக்கிற துண்டு இடுப்புக்கு வந்துவிட வேண்டும். மேலே சட்டை போடுவது என்ற பேச்சே கிடையாது. அப்பா நன்னிலத்தில் ஒரு சட்டை தைத்துக்கொண்டு வந்து, அதைப் போட்டுக்கொண்டு அந்த வாசலில் போய் நின்றார். கழற்று என்றார்கள். கழற்றவில்லை. அந்தப் போகம் முழுக்க அவருக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரிந்த கதை இது.

மறுநாள் காலையில் எல்லார் செல்போனிலும் என் படம். கோயில் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு, சட்டையோடு நிற்கிறேன். அப்பாவைப் போலவே மகனும் சட்டையைக் கழற்றாமல் நின்றார் என்று அன்பு எழுதிப் போட்டிருந்தான். திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் கூப்பிட்டு, பெருமையாக இருக்கிறது என்று அழுதார். காளிமுத்து மாமாகூட வீட்டுக்கு வந்து, "ஒங்கப்பன் பேரக் காப்பாத்திட்டடா" என்று முதுகில் தட்டினார். பனியன் இரண்டு இருப்பது கைக்குத் தெரிந்துவிடுமோ என்று நான் நெளிந்தேன்.

அப்பாவின் சட்டையைத் திருடி என் மார்பை மூடிக்கொண்டது போல இருந்தது. ஆனாலும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செல்வி பேசினாள்

இனி அந்த ஆஸ்பத்திரி அறைக்கு வருகிறேன்.

டாக்டரம்மா மாத்திரையை மாற்றி எழுதினார். அடுத்த மாதம் வரச் சொன்னார். இப்படியே போனால் சக்கர நாற்காலிக்கு ஏற்பாடு செய்துகொள்வது நல்லது என்று மெதுவாகச் சொன்னார். அன்பு என்னைத் தூக்கி நிறுத்தினான். கதவு வரைக்கும் வந்துவிட்டோம்.

"டாக்டரம்மா, ஒரு நிமிஷம்" என்றாள் செல்வி. அவள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

"சொல்லுங்கம்மா."

"இவருக்கு மார்ல சரியில்ல."

"செல்வி" என்றேன்.

"சும்மா இருங்க. பொம்பளைக்கு மாதிரி வந்திருக்கும்மா. ரெண்டு பக்கமும். ரெண்டு வருஷமா ரெண்டு பனியன் போடறாரு. தொவைக்கிறவ நான், எனக்குத் தெரியாதா? சட்டையத் தொளதொளன்னு தைக்கச் சொல்லி டைலருகிட்ட சொன்னதே நான்தான். அவரா சொல்லட்டும் அவரா சொல்லட்டும்னு பாத்தேன். இனிமே காலு போயிடும்."

என் தோளைப் பிடித்திருந்த அன்புவின் கை தளர்ந்தது. விடவில்லை, தளர்ந்தது. நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா எழுந்து வந்து கதவைச் சாத்தினார். அன்புவை வெளியே இருக்கச் சொன்னார். "ஐயா, நான் பாக்கலாமா?" என்று கேட்டார். கேட்டார், சொல்லவில்லை.

மூன்றாவது பொத்தானை நானே அவிழ்த்தேன். கைவிரலும் மரக்கத் தொடங்கியிருந்ததால் நேரமாயிற்று. மீதியைச் செல்வி அவிழ்த்தாள். பனியன்களைத் தலை வழியே உருவும்போது கண்ணை மூடிக்கொண்டேன்.

டாக்டரம்மாவின் விரல்கள் குளிர்ச்சியாக இருந்தன. மார்பைத் தொட்டுப் பார்த்தார். வயிற்றை அழுத்தி ஈரல் வீங்கியிருக்கிறது என்றார். மேல் உடம்பில் சிவப்புச் சிவப்பாக இருந்த சின்னப் புள்ளிகளை விளக்கடித்துப் பார்த்தார். நகங்களைப் பார்த்தார். கையில் வளர்ந்திருந்த முடியைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இத்தனையும் சட்டைக்கு உள்ள இருந்திருக்கு" என்றார். "நானும் விட்டிருக்கக் கூடாது."

நெல்லுக்குள் நிற்கிற புல்

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. ரத்தத்தில் ஒரு புரதத்தைத் தேடினார்கள். கொஞ்சமாக இருந்தது, ஆனால் இருந்தது. இன்னொரு பரிசோதனைக்கு ரத்தம் சென்னைக்குப் போய், முடிவு வந்தது. உடம்பு முழுக்க எடுத்த ஸ்கேனில் இடுப்பெலும்பில் சில இடம் மட்டும் வெள்ளையாக, கெட்டியாகத் தெரிந்தது. பிறகு குப்புறப் படுக்கவைத்து, வேட்டியைத் தளர்த்தி, இடுப்பெலும்பில் ஊசியை இறக்கி மஜ்ஜையை எடுத்தார்கள். மரக்கச் செய்துதான் குத்தினார்கள். ஆனாலும் உள்ளேயிருந்து எதையோ உறிஞ்சி இழுப்பது தெரிந்தது. நர்ஸ் பெண்கள் இருவர் இருந்தார்கள். அந்த வலியைவிட அவர்கள் முன்னால் அப்படிக் கிடந்த கூச்சம்தான் பெரிதாக இருந்தது.

ரத்தப் புற்றுநோய் பார்க்கிற டாக்டர் வயதானவர். நிதானமாகச் சொன்னார்.

"எலும்பு மஜ்ஜையில பிளாஸ்மா செல்லுன்னு ஒண்ணு இருக்கு. நோய்க்கிருமி வந்தா எதிர்க்கிறதுக்குச் சரக்கு தயார் பண்றது அதோட வேலை. அதுல ஒண்ணு கெட்டுப்போய், தன்ன மாதிரியே பெருகிக்கிட்டு, வேண்டாததைத் தயார் பண்ணுது. நரம்பு, ஈரல், தோலு, ஹார்மோன் எல்லாம் ஒண்ணா கெடும். உங்களுக்கு மாருல வந்ததும் அதனாலதான்."

"கேன்சருங்களா?" என்றாள் செல்வி.

"அந்த வகையில சேந்ததுதான். ரொம்ப அபூர்வம். இந்தக் கோளாறுங்களோட இங்கிலீஷ் முதலெழுத்தச் சேத்து பொயம்ஸ்னு பேரு. நரம்பு மட்டும் பாத்தா வேற நோய் மாதிரியே தெரியும். நிறைய டாக்டருங்க இதுல ஏமாந்து போயிருக்காங்க."

நெற்பயிருக்குள் நெல்லைப் போலவே ஒரு புல் நிற்கும். கதிர் வரும் வரைக்கும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். அதைப் போல என்று நான் விளங்கிக்கொண்டேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. வேறொன்று கேட்டேன்.

"முன்னாடியே சட்டையக் கழட்டியிருந்தா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முன்னாடியே தெரிஞ்சிருக்கும். சரி, இப்ப தெரிஞ்சிடுச்சு. நரம்பு எவ்வளவு திரும்பும்னு என்னால உறுதி சொல்ல முடியாது. நோய அடக்கலாம்."

காரில் திரும்பி வந்தோம். கும்பகோணம் தாண்டி, குடவாசல் நெருங்கும்போது அன்பு சொன்னான்.

"அந்தக் கோயில் படத்துல நானாத்தான் எழுதிப் போட்டேன் சித்தப்பா. நீங்க ஒண்ணும் சொல்லலையே."

"அதான்டா. ஒண்ணும் சொல்லல."

மாத்திரை தரும் பெண்

மாத்திரை தருகிற இடத்தில் சின்ன வயதுப் பெண் ஒருத்தி. பின்னால் வரிசை நிற்கிறது. அவள் கணீரென்று விளக்கினாள்.

"இந்த மாத்திரை சாப்பிடறப்ப குழந்தை உருவானா ஊனமாப் பிறக்கும். அதனால ஐயா கண்டிப்பா ஆணுறை பயன்படுத்தணும். கர்ப்பமா இருக்கிறவங்க யாரும் மாத்திரையத் தொடக் கூடாது. புரியுதுங்களா ஐயா?"

நான் தரையைப் பார்த்தேன். பின்னால் ஒருவர் இருமினார்.

"புரியுதும்மா" என்றாள் செல்வி. "கல்யாணமான புதுசுல இதெல்லாம் யாரும் சொல்லித் தரல. இப்பவாவது தெரிஞ்சுதே."

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். வெளியே வந்ததும் செல்வி சுவரில் சாய்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது சிரிப்பில் வந்ததா என்று நான் கேட்கவில்லை.

மூன்று வாரம் மாத்திரை, ஒரு வாரம் ஓய்வு. அதோடு வாரத்தில் ஒரு நாள் வேறு மாத்திரைகளை மொத்தமாக விழுங்க வேண்டும். அன்றைக்குத் தூக்கம் வராது, பசி அடங்காது, எதற்கெடுத்தாலும் கோபம் வரும். இட்லிப் பானை முன்னால் உட்கார்ந்து சட்னிக்குக் காத்திராமல் தின்றிருக்கிறேன். உப்புக் குறைந்தது என்று செல்வியைத் திட்டிவிட்டு, பிறகு கொல்லைப்பக்கம் போய் நின்றிருக்கிறேன்.

மாதங்கள் போயின. வீக்கம் வடிந்தது, தோல் கொஞ்சம் வெளுத்தது. பாதத்தில் முதலில் எரிச்சல்தான் வந்தது. நரம்பு விழிக்கிறது, எரிந்தால் நல்லது என்றார் டாக்டரம்மா. பாதம் தொங்காமல் பிடிக்கிற பிளாஸ்டிக் அச்சைக் காலில் மாட்டிக்கொண்டு, கம்பு ஊன்றி, வரப்பு வரைக்கும் நடந்தேன். மார்பு குறைந்தது, ஆனால் பழையபடி ஆகவில்லை.

பொன்னாடை

தெருப் படிப்பகத்தின் ஆண்டு விழா வந்தது. நான் பிழைத்து வந்ததற்கும் கோயில் வாசலில் நின்றதற்கும் சேர்த்துப் பொன்னாடை போடுவதாக முடிவு செய்திருந்தார்கள். அன்பு யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

மேடைக்குக் கீழே என் காதோரம் சொன்னான். "வாங்கிட்டு உக்காந்துடுங்க சித்தப்பா. தாத்தாவுக்குப் போடறதா நினைச்சுக்குங்க."

நல்ல யோசனைதான். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு ஏறினேன். ஆனால் படிப்பகத் தலைவர் பொன்னாடையை விரித்தபோது, என் இடது கை மறுபடியும் மூன்றாவது பொத்தானுக்குப் போய்விட்டது.

மைக்கைப் பிடித்தேன். வாழ்க்கையில் முதல் தடவை.

"அன்னிக்கு நான் எங்கப்பாவுக்காக நிக்கல. எனக்கு இந்த வியாதியில மாரு பொம்பள மாதிரி வீங்கிப்போச்சு. அத மறைக்கத்தான் சட்டையக் கழட்டல. டாக்டருகிட்டயும் மறைச்சேன். அதுலதான் காலு இப்படி ஆச்சு. இது வேணாம்."

யாரோ சிரித்தார்கள். காளிமுத்து மாமாவின் குரல் என்று தெரிந்தது. அவரைத் தொடர்ந்து பையன்கள் இருவர். தலைவர் பொன்னாடையை மடித்து மேசையில் வைத்தார். உடம்பெல்லாம் கூசியது. சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி எதுவும் இறங்கவில்லை.

வீட்டில் செல்வி சோறு போட்டாள். "சொன்னது சரி. மைக்குலயா சொல்லணும்?" என்றாள்.

ஒரு வாரம் நான் வெளியே போகவில்லை. பிறகு வாய்க்காலில் தண்ணீர் வந்தது. மடையைத் திறக்க வேண்டுமே என்று கம்பை ஊன்றிக்கொண்டு போனேன். அடுத்த வயலிலிருந்து காளிமுத்து மாமா வருவது தெரிந்தது. திரும்பிப் போக நினைத்தேன், என் காலுக்கு அவ்வளவு வேகம் இல்லை.

அவர் வந்து வரப்பில் உட்கார்ந்தார். தண்ணீர் போதுமா என்றார். யூரியா கிடைக்கவில்லை என்றார்.

"எனக்கும் ஒரு எடத்துல ஒண்ணு இருக்கு மாப்ள" என்றார். "ரொம்ப நாளாச்சு. ஒங்க அத்தைக்கும் தெரியாது."

எந்த இடம் என்று நான் கேட்கவில்லை.

"தஞ்சாவூருல எல்லாத்தையும் கழட்டச் சொல்லுவாங்களா?"

"சொல்லுவாங்க மாமா."

"பொம்பள டாக்டரா இருந்தா?"

"இருந்தாலும்."

மடையில் தண்ணீர் சுழித்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவர் ஒரு புல்லைப் பிடுங்கிக் கிள்ளிக் கிள்ளிப் போட்டார்.

"நீ கூட வா" என்றார். "உள்ள வர வேணாம். கதவுக்கு வெளியில நில்லு."

"சரி மாமா" என்றேன்.